செயலாளரின் ஆண்டறிக்கை 2024/25

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கராஜிலிருந்து நேரே வந்து கைகூடக் கழுவாமல் அமர்ந்திருக்கும் அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது பழைய மோட்டார் சைக்கிள் சங்கம் செய்தவற்றை இங்கே தருகிறேன். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களையும் சேர்த்து வாசிக்கப்போவதாக மிரட்டியிருக்கிறார். மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல கொழும்பு வெள்ளவத்தையில் நடந்தன. அவற்றைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த ஆண்டின் பெரிய செய்தி நமது சங்கத்துக்கு வெளியே நடந்தது. 2020 மார்ச்சில் இலங்கையில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஹோண்டாக்களுக்கு வந்த மவுசை எல்லோரும் கண்டோம். "இனி உங்கட இரும்பை ஆர் வாங்குவினம்?" என்று வீட்டில் கேட்கிறார்களாம். விற்க வைத்திருப்பவர்தான் அதற்குப் பதில் தேட வேண்டும். எனக்குள்ள கவலை வேறு. புது வண்டிகளின் சாமான்கள் வந்து குவிந்தால், பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய பிஸ்டனுக்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் தட்டில் இடம் இருக்குமா? ஆகவே ரிங் செட், கேஸ்கெட், பொயின்ற் போன்ற அடிக்கடி தேவைப்படும் சாமான்களைச் சங்கமாகச் சேர்ந்து வாங்கி வைக்கலாம் என்று செயற்குழு பிரேரிக்கிறது.

பராமரிப்புப் பட்டறைகளில் மிகவும் பயன்பட்டது டப்பட் பட்டறைதான், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் திருகுக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சரிசெய்வது. தெமட்டகொடை அங்கத்தவரின் ஹோண்டா 90, கிக்கரை மிதித்து மிதித்துக் கால் சோர்ந்த பிறகே உயிர் பெறும். காபரேட்டரைக் குறை சொல்லி அதை மாற்றியும் பார்த்துவிட்டார். வண்டி ஆறிய பிறகு மெக்னெட் மூடியைக் கழற்றி, டீ குறியைக் கோட்டுக்கு நேரே கொண்டுவந்து, பிஸ்டன் அமுக்க அடியின் உச்சியில் நிற்பதை உறுதிசெய்துகொண்டு ஃபீலர் கேஜை நுழைத்தோம். எக்ஸோஸ்ட் பக்கம் 0.05 மில்லிமீற்றர் தகடு உள்ளே போகவே இல்லை. இடைவெளி துளியும் கிடையாது. வால்வ் முழுதாக மூடாமல், அமுக்கம் கசிந்து, விளிம்பு கருகியிருந்தது. ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி சீட் வெட்டி, பேஸ்ட் போட்டு வால்வை உரசிய பிறகு இப்போது ஒரே மிதியில் ஸ்டார்ட் ஆகிறது.

இதில் பாஸ்மாரை, அதாவது மெக்கானிக்குகளை, மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "சத்தமே கேக்கக்கூடாது பாஸ்" என்று அடம்பிடிக்கிறவர்கள் நாம்தான். அவர் என்ன செய்வார், திருகை இறுக்கிவிடுகிறார். சத்தம் போகிறது, சில மாதங்களில் வால்வும் போகிறது. பழைய எஞ்சினில் மெல்லிய 'டிக் டிக்' கேட்பது நல்லது. கேட்டால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

எஞ்சின் ஒயில் பற்றியும் ஒரு வார்த்தை. நமது வண்டிகளில் கிளட்ச் ஒயிலுக்குள்ளேயே சுழல்கிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று காருக்கான மெல்லிய ஒயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கான ஜப்பானியத் தரக்குறியான ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கும் போத்தலையே வாங்குங்கள். ஒயிலின் அழுக்கைச் சுழற்றிப் பிடிக்கும், கிளட்ச்சோடு சேர்ந்த ஒயில் ரோட்டரை எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறீர்கள்? பட்டறையில் ஒன்றைத் திறந்தபோது உள்ளே கறுத்த களி அப்பியிருந்தது.

அடுத்தது, ஆண்டு முழுக்க ஓடிய சண்டை: கொம்பனியில் வந்தபடியே வைத்திருப்பதா, மாற்றுவதா? இரு தரப்பும் என்னிடம் தனித்தனியாகத் தொலைபேசியில் பேசித் தீர்த்தார்கள். என் அபிப்பிராயத்தை மறைக்கப் போவதில்லை. வண்டியை நிறுத்தவும் இரவில் வழி பார்க்கவும் வேண்டியதை மாற்றுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். ஆறு வோல்ற் விளக்கோடு புத்தளம் வீதியில் இரவில் ஓடுவது வீரம் அல்ல. பன்னிரண்டுக்கு மாற்றுவதென்றால் முழுதாக மாற்ற வேண்டும்: கொயில், ரெகுலேற்றர், பற்றரி, பல்புகள், ஹோன், சிக்னல் ரிலே எல்லாம். மின்னழுத்தத்தை அடக்கும் ரெகுலேற்றரை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் மாற்றிய ஒருவர், அக்சிலேற்றரை முறுக்கும் ஒவ்வொரு தடவையும் பல்புக்காரருக்குப் படியளக்கிறார்.

முன் டிரம்மை டிஸ்க்காக்க முழு ஃபோர்க்கையே மாற்றுவது செலவு. டிரம்மை லேத்தில் லேசாகச் சீவி, நல்ல ஷூவும் புதுக் கேபிளும் போட்டாலே பாதி நோய் தீரும். இந்திய எஞ்சினைத் தூக்கி வைப்பவர்கள், வாகனப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தை நாரஹேன்பிட்ட மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முறைப்படி மாற்றிக்கொள்ளாவிட்டால் பின்னால் விற்கவும் முடியாது, பொலிஸுக்குப் பதில் சொல்லவும் முடியாது.

வத்தளை அங்கத்தவரின் பிஎஸ்ஏ பான்டம் தனிக்கதை. ஜேர்மன் டிகேடபிள்யூ ஆர்டி125ஐக் கண்ணாடியில் பார்த்ததுபோல இடம்வலம் மாற்றிப் பிரதியெடுத்து 1948இல் வந்த வண்டி அது. கியர் வலது காலில். நட்டுகளோ பழைய ஆங்கிலேய அங்குல முறையான விட்வேர்த் அளவு. முந்திய உரிமையாளர் மில்லிமீற்றர் ஸ்பானரால் முறுக்கி முறுக்கி அவற்றை உருட்டிவிட்டார். விட்வேர்த் ஸ்பானர் வீட்டில் சும்மா கிடந்தால் சங்கத்துக்குத் தாருங்கள்.

சுற்றுப்பயணங்களில் நீளமானது ஓகஸ்ட் போயா விடுமுறையில் மன்னார் வழியாக யாழ்ப்பாணம் போனது. அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியில்லை என்பதால் நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி என்று ஆறுதலாகப் போனோம். மன்னாரைத் தாண்டி ஏ32 வீதியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ள, ஹோண்டா 90 கூடத் தன்னைப் பெரிய வண்டியாக நினைத்துக்கொண்டது. சங்குப்பிட்டிப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் பிடித்தபோது அந்த நினைப்புப் போய்விட்டது. 2011இல் பாலம் திறக்கும்வரை அங்கே பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் கடந்தோம் என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் விவரித்தார். காற்று இரைச்சலில் பாதிதான் கேட்டது. திரும்பும்போது அதே சோளகம் நேரெதிரே. டொப் கியர் இழுக்கவில்லை, பெற்றோல் தாங்கியின் ரிசேவுக்கு நேரத்தோடு வந்துவிட்டோம். வெள்ளாங்குளத்துக்குக் கிட்ட ஒரு செயின் கழன்றது. செயின் இணைப்பைப் பூட்டும் லொக்கைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். உதிரி லொக் ஒன்று பையில் இருந்ததால் தப்பினோம்.

மாசியில் அவிசாவளை, ஹற்றன் வழியாக நுவரெலியா. 1,868 மீற்றர் உயரத்தில் காற்று மெலிந்து, பெற்றோல் விகிதம் கூடி, பிளக்குகள் கரி பிடித்தன. காபரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றியவர்களுக்கு வண்டி திருந்தியது. இறங்கியதும் பழைய காடிக்கு மாற்றாவிட்டால் எஞ்சின் கொதிக்கும். கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக்கையே நம்பி வந்த இருவருக்கு டிரம் சூடாகிப் பிடிமானம் போனது. இரண்டாம் கியரில் இறங்குங்கள் என்று ஏறும்போதே சொல்லியிருந்தோம். ஆளுக்கு ஒரு பிளேன் டீ குடித்து, டிரம் ஆறும்வரை இருந்துவிட்டு வந்தோம்.

ஒரு புதிய அங்கத்தவர், சிங்கள 'ஸ்ரீ' எழுத்துள்ள பழைய இலக்கத் தகட்டோடு ஒரு வண்டி கொண்டுவந்திருக்கிறார். 1958இல் அந்தச் சிங்கள எழுத்தை எதிர்த்து அதற்குத் தார் பூசிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் அதை பிராசோ போட்டுத் துடைக்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது என்பதால், பரிசோதனைக்கு முந்திய கிழமை காபரேட்டர் ட்யூனிங் செய்து கொடுக்கும் ஏற்பாடு இந்த ஆண்டும் தொடரும்.

கடைசியாக, சங்கத்தின் மெக்னெட் புல்லர், அதாவது மெக்னெட்டைக் கழற்றும் கருவி, தைப்பொங்கலிலிருந்து காணவில்லை. கடைசியாக அதை வாங்கிக்கொண்டு போனவர் இன்று முன்வரிசையில்தான் இருக்கிறார். புதிய நிர்வாகிகளின் தேர்தல் தொடங்குமுன் கொண்டுவந்து தந்தால், அவர் பெயரை அடுத்த ஆண்டின் உபகரணப் பொறுப்பாளராக நானே முன்மொழிவேன்.