நொக் சென்சரைப் பாராமல் விளக்கை அணைப்பது முறையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையின் சில கராஜ்களில், கார் எஞ்சினுள் எழும் தட்டலை (நொக்) உணரும் நொக் சென்சரைச் சோதிக்காமல் எச்சரிக்கை விளக்கை மட்டும் அணைத்து அனுப்புவது மிகுந்த கவலையளிக்கிறது.

சிலிண்டர் புளொக்கில் பூட்டப்பட்ட இச்சென்சரினுள் இருக்கும் படிகம், சுவாலை எட்டுமுன் எரிகலவை தானாகப் பற்றும்போது எழும் அதிர்வை மின்சைகையாக மாற்ற, எஞ்சின் கணினி தீப்பொறியைச் சில பாகை பிந்தவிட்டு, தட்டல் ஓய்ந்ததும் படிப்படியாக முன்னுக்குக் கொண்டுவருகிறது. 95 ஒக்டேன் கேட்கும் எஞ்சினுக்கு 92 ஊற்றி, மதிய வெயிலில் பாரத்துடன் கண்டி வீதியில் ஓடுகையில் பிஸ்டன்களைக் காப்பது இதுவே. சைகை அற்றுப்போனால், பெரும்பாலான கார்களில் கணினி பாதுகாப்புக்காகத் தீப்பொறியைப் பிந்தவே வைத்திருப்பதால் இழுவை குறைந்து பெற்றோல் செலவு கூடும். சென்சரைப் பூட்டும் போல்ட்டின் இறுக்கமும் முக்கியம். பல சென்சர்களுக்கு அது ஏறத்தாழ 20 நியூட்டன் மீற்றர். கைமதிப்பில் இறுக்குவதைக் கராஜ் உரிமையாளர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.