புகைபோக்கி சாயுமுன் சில ரோல் ஃபிலிம்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

பழைய ஆலைப் பகுதியைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துவரும் எங்கள் குழு, சற்றுக் கூச்சத்தோடுதான் உங்களிடம் வருகிறது. கேமரா இருக்கிறது, நடக்கத் தெம்பும் இருக்கிறது. ஃபிலிம்தான் தீர்ந்துவிட்டது.

போன மாதம் ஆலைச் சங்கு பொருத்தியிருந்த கம்பத்தை எடுக்கப் போனோம். முந்தின வாரமே போயிருக்க வேண்டும்; மழை என்று தள்ளிப்போட்டோம். போய்ப் பார்த்தால் தரையில் நான்கு போல்ட்டுகளின் அடி மட்டும், அறுத்த இடம் துருவேறாமல் பளபளத்துக்கொண்டு. சரி என்று அதையே எடுத்து வந்தோம். அடுத்து இடிபடப்போவது ரம்பப்பல் கூரை போட்ட நெசவுக்கூடம் என்கிறார்கள். அந்தக் கூரையின் செங்குத்தான பக்கம் முழுக்கக் கண்ணாடி. நேர் வெயில் இறங்காமல், தறிமேல் சீரான வெளிச்சம் விழ வேண்டும் என்று அப்படிக் கட்டினார்கள். கூரை போனால் அந்த வெளிச்சமும் போச்சு.

துருவின் நிறமே அழகாயிற்றே, ஏன் கறுப்பு வெள்ளை என்று குழுவுக்குள்ளேயே சண்டை நடந்தது. நியாயமான கேள்வி. ஆனால் வண்ணத்தில் எடுத்தால் புது அடுக்குமாடியின் விளம்பரத் தட்டி முதலில் கண்ணைப் பறித்துவிடுகிறது. கரி படிந்த செங்கல் பின்னுக்குப் போய்விடுகிறது. கறுப்பு வெள்ளையில் இரண்டும் சமமாக நிற்கின்றன. அதனால் புதுக் கட்டடங்களையும் விடாமல் எடுக்கிறோம். பழசை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் அது வெறும் ஏக்கமாகிவிடும்.

இதில் எங்களுக்கு முன்னோடிகள் உண்டு. 1860-களில் பாரிஸில் இடிபடவிருந்த தெருக்களை ஷார்ல் மார்வில் நகர நிர்வாகத்துக்காகப் படமெடுத்து வைத்தார். ஜெர்மனியில் பெர்ன்ட், ஹில்லா பெஹர் தம்பதி 1959 முதல் ஊதுலைகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் நிழல் விழாத மேகமூட்ட நாட்களாகப் பார்த்து எடுத்தார்கள். நாங்களும் மேகத்துக்குக் காத்திருக்கிறோம்; அதற்குச் செலவில்லை.

செலவு எங்கே என்றால், 35 மி.மீ. ரோலில் 36 படம், சதுரப் படம் விழும் நடுத்தர அளவு ரோலில் 12 படம்தான். புகைபோக்கிக்கு எங்கள் கேமராவும் போதாது. கேமராவை அண்ணாந்து பிடித்தால் படத்தில் புகைபோக்கி பின்னால் சாய்வதுபோல விழும். லென்ஸை மட்டும் மேலே நகர்த்தக்கூடிய பெரிய கேமராவை வாடகைக்கு எடுக்க வேண்டும். அப்புறம் படம் கழுவும் ரசாயனங்களான டெவலப்பர், ஃபிக்ஸர், பிரிண்ட் போடும் தாள், அமிலமில்லாத உறைகள். பிரிண்டை அலசுவதில் சிக்கனம் பார்க்க முடியாது. ஃபிக்ஸர் தங்கினால் பின்னால் மஞ்சள் கறை வரும். படமெடுக்கும் எங்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. பட்டறை வாசலில் எங்கள் படத்துக்காக நின்றவருக்கு முதல் பிரிண்ட் இலவசம், அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும்.

ஒரு ரோலுக்கான தொகை கொடுத்தாலும் சந்தோஷம். பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

பணமாக முடியாதவர்கள் வீட்டில் கிடக்கும் தேதி தாண்டிய ஃபிலிமைத் தரலாம். பாதி தீர்ந்த பிரிண்ட் தாள் பெட்டியும் வாங்கிக்கொள்கிறோம். எத்தனை தாள் மிச்சம் என்று மட்டும் தயவுசெய்து திறந்து எண்ணாதீர்கள்; வெளிச்சம் பட்டால் தாள் வீண். போன முறை ஒருவர் வெளிச்சத்தில் வைத்து எண்ணி, எண்ணிக்கையைப் பெட்டி மேலே எழுதியும் கொடுத்தார்.

இப்படிக்கு,
குழுவினர்