பரிசோதனைக்குப் போகாதது சோம்பலால் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் வந்த மருத்துவக் காப்பீடு பற்றிய கட்டுரையில், பாலிசியில் ஆண்டுதோறும் இலவசமாகக் கிடைக்கும் உடல் பரிசோதனையைக்கூட நம்மவர்கள் சோம்பலால் செய்துகொள்வதில்லை என்று ஒரு வரி இருந்தது. தங்கள் இதழை நெடுங்காலமாக வாங்கிப் படித்து வருகிறேன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி மனத்தைப் புண்படுத்திவிட்டது. விவரம் அறிந்த தாங்கள் அதை எப்படி அனுமதித்தீர்கள் என்று தெரியவில்லை.

என் மனைவியின் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததால், மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மேமோகிராம் சோதனையைச் செய்துவிடுவது நல்லது என்று எங்கள் குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்தார். பாலிசியில்தான் பரிசோதனை வசதி இருக்கிறதே என்று முன்பதிவு செய்துவிட்டு, காலையில் காபிகூடக் குடிக்காமல் செம்பூரிலிருந்து நிறுவனம் குறித்துக் கொடுத்த லேபுக்குப் போனோம். அனுமதி எண் இன்னும் வரவில்லை என்று வெறும் வயிற்றோடு வெகுநேரம் உட்கார வைத்தார்கள். அதன் பிறகு கையில் கொடுத்த பட்டியலில் ரத்த அணுக்கள், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொலஸ்ட்ரால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீர் ஆகியவைதான் இருந்தன. மேமோகிராம் இல்லை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி இல்லை, இசிஜியும் இல்லை. 30 வயதைக் கடந்தவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரையோடு வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கும் தொடக்கநிலைச் சோதனை செய்ய வேண்டும் என்று அரசின் தொற்றா நோய்த் திட்டமே சொல்லும்போது, பிரீமியம் கட்டுகிறவருக்கு அதுகூடக் கிடையாதா? மேமோகிராமுக்குக் கைக்காசைத்தான் கொடுத்தோம்.

இந்தச் சலுகை எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதாகவும் கட்டுரை சொல்லிச் செல்கிறது. சில பாலிசிகளில் ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கிறது. சிலவற்றில் சில ஆண்டுகள் கிளெய்ம் இல்லாமல் இருந்தால்தான் உண்டு. பலவற்றில் தொகைக்கு உச்சவரம்பும் வைத்து, அந்த ஆண்டு பயன்படுத்தாவிட்டால் காலாவதியாகிவிடும் என்றும் எழுதியிருக்கிறார்கள். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்ற ஆறுதலும் பெரிதாக ஒன்றுமில்லை. மருத்துவக் காப்பீட்டுக்கான வரிக் கழிவில் பரிசோதனைக்கென்று காட்டும் 5,000 ரூபாய் தனிச் சலுகை அன்று. மூத்த குடிமக்களுக்கான 50,000 ரூபாய் வரம்புக்குள்ளேயே அது அடங்கும். பிரீமியமே அந்த வரம்பைத் தொட்டுவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு அதில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு அதுவும் கிடையாது.

என் மைத்துனருக்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். நெஞ்சு வலிக்கிறது என்று இரவில் மருத்துவமனையில் சேர்ந்தார். சோதனைகள் எல்லாம் செய்து இதயத்தில் கோளாறு இல்லை என்று மறுநாள் அனுப்பிவிட்டார்கள். நோயறிதலுக்காக மட்டுமே சேர்ந்ததாகக் காட்டி, அதற்கென்று பாலிசியில் உள்ள விலக்கைச் சொல்லி, கிளெய்மை நிராகரித்தார்கள். படுக்கையில் சேர்ந்து சோதித்தாலும் பணம் இல்லை, சேராமல் லேபில் சோதித்தாலும் பணம் இல்லை என்றால், நோய் முற்றிய பிறகு வா என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன பொருள் கொள்வது?

பயமும் ஒரு காரணம். கிளெய்ம் கேட்டார் என்பதற்காகப் புதுப்பித்தலை மறுக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதி வைத்திருப்பது உண்மைதான். ஆனால் வேறு நிறுவனத்துக்குப் பாலிசியை மாற்றப் போனால், புதியவர்கள் உடல்நிலையைப் பார்த்துவிட்டு மறுக்கலாம். பரிசோதனை அறிக்கையில் எல்லையைச் சற்றே தாண்டிய ஓர் எண் இருந்தாலும் பிறகு பழைய நிறுவனத்தோடேயே கிடக்க வேண்டியதுதான் என்று எண்ணித் தயங்குகிறவர்களை எங்கள் கட்டடத்திலேயே எனக்குத் தெரியும். அவர்களைச் சோம்பேறிகள் என்பது நியாயமா?

வேலையில் இருந்தவரை கம்பெனியின் குழுக் காப்பீடு இருந்தது. ஓய்வு பெற்ற அன்றோடு அது முடிந்தது. அதன்பின் நாங்களே எடுத்த பாலிசிக்கு வயது ஏற ஏறப் பிரீமியம் ஏறியது, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் கட்டினோம். அந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல்தான் நீங்கியது. மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்ற உத்தரவும் 2025 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு முன் கட்டியதெல்லாம் கட்டியதுதான்.

தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவிதான். பாலிசியின் முக்கிய விவரங்களைச் சுருக்கித் தரும் வாடிக்கையாளர் தகவல் தாளை, பாலிசிதாரர் விரும்பினால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்ற விதி 2024 ஜனவரி முதல் இருக்கிறது. மும்பையில் உள்ளூர் மொழி என்றால் மராத்திதான். தாராவியிலும் மாட்டுங்காவிலும் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? ஆகவே அந்தத் தாளில் எந்தத் தலைப்பில் என்ன இருக்கும், பரிசோதனைக்கு முன்பதிவு செய்யும்முன் சோதனைப் பட்டியலை எழுத்தில் எப்படிக் கேட்டு வாங்குவது, மறுத்தால் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து, அதை நிராகரித்தாலோ 30 நாளில் பதில் வராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் எப்படி முறையிடுவது என்பதை அரைப் பக்க அளவிலாவது தமிழில் வெளியிட வேண்டுகிறேன். அந்த வரியைக் குறித்துத் தாங்கள் ஒரு வருத்தம் தெரிவித்தால் என் மனைவிக்கு ஆறுதலாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
செம்பூர், மும்பை