ஜெபக்குறிப்பில் நோயின் பெயர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை வட்டாரச் சபைகளில் ஜெபக்குறிப்பு (ஜெபிக்கச் சொல்லி எழுதித் தரும் தாள்) வாங்கும்போது பெயர், வீடு, நோய் மூன்றையும் ஒரே தாளில் எழுதச் சொல்வதுண்டு. ஆராதனையில் வாசித்ததும் அது வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்விடுகிறது. மூட்டுவலி என்றால் நலம் விசாரிப்பார்கள். எச்ஐவி என்றால் அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சே நின்றுவிடும். இதற்கு அஞ்சித்தான் பலர், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் கிடைக்கும் அதே இலவச எச்ஐவி மாத்திரைக்கு எல்லை தாண்டித் திருவனந்தபுரம் ‘உஷஸ்’ எச்ஐவி சிகிச்சை மையத்துக்குப் போகிறார்கள். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் இல்லாத மாதத்தில் மருந்து தவறுகிறது.

எச்ஐவி–எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. ஒருவர் நம்பிச் சொன்ன எச்ஐவி நிலையை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது அதன் 8-ஆம் பிரிவு. போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ இமாமிடமோ மனம்விட்டுச் சொன்னதும் நம்பிச் சொன்னதுதானே? ஆகவே தாளில் நோய்க்கு இடமே வேண்டாம். பூட்டிய பெட்டியில் போடட்டும், ஆயர் மட்டும் படிக்கட்டும், வார முடிவில் எரித்துவிடட்டும். “சுகவீனமான ஒருவருக்காக” என்று ஜெபித்தால் கடவுளுக்குப் புரியாதா?

இதனால் எச்ஐவி உள்ளவர்கள் வாய்மூடி இருக்க வேண்டும் என்று பொருளல்ல. பேசுவதும் பேசாதிருப்பதும் அவரவர் உரிமை. சபையில் தன் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல விரும்புகிறவரிடம் முன்கூட்டியே தனியே பேசுங்கள்: மனைவி, பிள்ளைகளின் அடையாளமும் அதோடு வெளிப்படும், அவர்களுக்குச் சம்மதமா? எழுத்தில் அனுமதி இல்லாமல் நேரலையும் செல்போன் பதிவும் கூடாது. ஒருமுறை பரவிய வீடியோவைத் திரும்பப் பெற முடியாது. அவர் பேசி முடித்ததும் பிரசங்கியார் எழுந்து ‘பாவத்தின் சம்பளம்’ என்று முடிவுரை சொல்வது பெருங்கொடுமை. எச்ஐவி உள்ளோர்மீது வெறுப்பைப் பரப்பும் பேச்சு 4-ஆம் பிரிவின்படி குற்றம். 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சுகமளிக்கும் கூட்டங்களில் உயிரையே பறிக்கும் ஒரு தவறு நடக்கிறது. வைரஸ் அளவுப் பரிசோதனையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். நோய் போய்விட்டது என்றல்ல. அந்தத் தாளை மேடையில் உயர்த்திக் காட்டிவிட்டு மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் மீண்டும் பெருகும், மருந்துக்கு அடங்காமலும் போகலாம். அந்த முடிவு தொடர்ந்து நீடிக்கும்வரை உடலுறவு வழியாக நோய் பிறருக்குத் தொற்றாது என்பதையும் பிரசங்க மேடையிலிருந்தே சொல்லலாம்.

நோன்புக்கும் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. இப்போது பெரும்பாலோருக்கு நாளைக்கு ஒரே கூட்டு மாத்திரைதான். ரமலானில் சஹரிலோ இஃப்தாரிலோ தினமும் ஒரே வேளையில் எடுக்கலாம். நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் குடிப்பவர்கள் அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோதான் இந்த மாத்திரையைப் போட வேண்டும். காசநோய் மருந்தும் எடுப்பவர்களுக்கு இரு வேளை தேவைப்படலாம், அவர்கள் மருத்துவரைக் கேட்டே நோன்பு வைக்கட்டும்.

கல்யாண ஓலை (சபையில் திருமண அறிவிப்பு) வாசிக்கும் முன் எச்ஐவி சான்றிதழ் கேட்பது பாதுகாப்புத் தராது. புதிதாகத் தொற்றியவருக்குச் சில வாரங்கள் பரிசோதனையில் தெரியாமலே இருக்கும். ஜோடியை எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை தரும் அரசு ‘நம்பிக்கை மைய’த்துக்கு, கேரளத்தில் ‘ஜோதிஸ்’ மையத்துக்கு, ஆலோசனைக்கு அனுப்புங்கள். பரிசோதனை இலவசம், அதன் முடிவு அவர்களோடு இருக்கும். ஒருவரின் நிலையைத் துணையிடம் சொல்லும் பொறுப்பைச் சட்டம் நிபந்தனைகளோடு மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே தந்திருக்கிறது. சபைக் கமிட்டிக்கோ ஜமாத்துக்கோ அந்த இடம் இல்லை. இளைஞர் கூட்டத்தில் ஆணுறை பற்றிக் கேள்வி எழுந்தால் அதட்டி உட்காரவைக்காமல், அந்த மையத்தின் ஆலோசகரையே அழைத்து வந்து பதில் சொல்லச் சொல்லுங்கள்.

பள்ளியிலோ வேலையிலோ வாடகை வீட்டிலோ யாரேனும் ஒதுக்கப்பட்டால், மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் முறையிட ஊர்ப் பெரியவர்கள் துணை நிற்கட்டும். 30 நாளில், மருத்துவ அவசரம் என்றால் இயன்றவரை 24 மணி நேரத்தில், அவர் உத்தரவிட வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1097 இலவச எண்ணில் கேட்கலாம்.

இப்படிக்கு,
எச்ஐவி நலப்பணியில் உள்ள வாசகர்கள்,
மார்த்தாண்டம்.