எஸ்.பி. சிங் நினைவு மாலை: உடன் நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

ஜூன் 27 அன்று டில்லியில் எங்கள் மயூர் விஹார் குடியிருப்புக் கூடத்தில், டிவியில் 'ஆஜ் தக்' இந்திச் செய்தியைச் சொன்ன சுரேந்திர பிரதாப் சிங் என்கிற எஸ்.பி. சிங்கை நினைத்து நாற்பது பேர் கூடினோம். அன்றே மேடையில் நன்றி சொல்லியிருக்க வேண்டும். மைக்கைக் கையில் வாங்கியதும் தொண்டை அடைத்துக்கொண்டது, இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. அந்தப் பாக்கியை இந்த மடலில் தீர்க்கிறேன்.

இந்திச் செய்தியாளருக்கு ஒரு தமிழ்க் குடும்பம் ஏன் நினைவுக் கூட்டம் நடத்துகிறது என்று வந்தவர்களில் சிலர் கேட்டார்கள். காரணம் என் அம்மா. கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி டில்லிக்கு வந்தவள். காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் அவளுக்கு இந்தி தெரியும். தூர்தர்ஷன் இந்திச் செய்தியில் பாதிக்குப் பாதி சமஸ்கிருதம். "ஸ்லோகம் மாதிரி இருக்கு, அர்த்தம்தான் புரியல" என்பாள். 1995 ஜூலையில் தூர்தர்ஷனின் இரண்டாவது சேனலான டிடி மெட்ரோவில் ராத்திரி பத்து மணிக்கு 'ஆஜ் தக்' வர ஆரம்பித்தது. இருபது நிமிஷம்தான். தாடிவைத்த ஒருவர் வந்து உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் சொல்வதுபோல நாட்டு நடப்பைச் சொன்னார். கடைத்தெரு இந்தி, நடுநடுவே உருது. அம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. இந்த ஊரில் தன்னையும் ஒரு ஆளாக மதித்து ஒருவர் பேசுகிறார் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே, மொட்டை மாடிக்குப் போய் ஆன்டெனாவைத் திருப்பச் சொல்லி என்னை விரட்டுவாள். "இவை இன்று வரைக்குமான செய்திகள், நாளை வரை காத்திருங்கள்" என்று அவர் முடிக்கும்போது, "சரிப்பா" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் டிவியை அணைப்பாள்.

அம்மா இப்போது இல்லை. அவள் பெட்டியைப் பிரித்தபோது, ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் வரிசையாக இந்திச் சொற்கள் இருந்தன. எல்லாம் ராத்திரி செய்தியில் கேட்டவை, எதிரே அவற்றின் அர்த்தம். அந்த நோட்டைப் பார்த்த அன்றுதான் இந்தக் கூட்டத்தை நடத்தியே தீருவது என்று முடிவெடுத்தேன்.

முதல் நன்றி, எதிர் பிளாக் மாமிக்கு. மாமாவுக்கு ரயில்வேயில் இரவுப் பணி என்பதால், அவர் காலையில் வந்து பார்ப்பதற்காக மாமி தினமும் செய்தியை வீடியோ கேசட்டில் பதிந்துவைத்திருந்தார். மூன்று மணி நேரக் கேசட்டில் ஒன்பது நாள் செய்தி அடங்கும். பழையதன் மேலேயே திரும்பத் திரும்பப் பதிந்ததுபோக, நான்கு கேசட்டுகள் பரணில் தங்கிவிட்டன. "குப்பைதானே, எடுத்துண்டு போ" என்று கொடுத்தார். மாமி, அது குப்பை இல்லை.

அடுத்த நன்றி, செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் சின்னக் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனுக்கு. நான்கு கேசட்டிலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. அப்படியே மெஷினில் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட் அடைத்துப் படம் போய்விடும் என்று, திருகுகளைக் கழற்றி, டேப்பைச் சுற்றவிட்டு, மெல்லிய துணியால் அங்குலம் அங்குலமாகத் துடைத்தார். ஒரு கேசட்டுக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது. முதல் கேசட்டில் படம் நடுங்கி நடுங்கி நிலைத்தபோது திரையில் எஸ்.பி. சிங். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "இவர் வந்தால் எங்கள் அப்பா வீட்டில் யாரையும் பேசவிடமாட்டார்" என்றார். கூலியாக ஒரு பைசா வாங்கவில்லை.

கூட்டத்துக்கு வந்து பேசிய ஓய்வுபெற்ற இந்திப் பத்திரிகையாளருக்கு நன்றி. டிவிக்கு முந்தைய எஸ்.பி. சிங்கை எங்களுக்குக் காட்டியவர் அவர்தான். 1948இல் பிறந்து, கல்கத்தா பக்கம் வளர்ந்து, பம்பாயில் 'தர்மயுக்' இதழில் தொழில் பழகி, முப்பது வயதை ஒட்டியே 'ரவிவார்' வார இதழுக்கு ஆசிரியரானவர். பிறகு 'நவபாரத் டைம்ஸ்' நாளிதழ். திரைக்கு வரும்போது எழுத்தில் கால் நூற்றாண்டு அனுபவம் இருந்தது. அந்த எளிமை, எழுதி எழுதி அடித்துத் திருத்தி வந்த எளிமை. வீடியோ எடிட்டிங் வேலை பார்த்த பெரியவருக்கும் நன்றி. பதிவு முடிந்த டேப் தூர்தர்ஷனுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஒளிபரப்பு என்றிருந்த காலத்தின் அவசரத்தை அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்று நான் சொல்ல நினைத்து முடியாமல்போன ஒன்று உண்டு. 1995 செப்டம்பர் 21, பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடே கோயிலுக்கு ஓடிய நாள். அம்மாவும் சரோஜினி நகர் பிள்ளையார் கோயிலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, ஸ்பூனில் பால் கொடுத்துவிட்டு, கண் கலங்கத் திரும்பினாள். அதையொட்டி 'ஆஜ் தக்'கில் ஒரு காட்சி. செருப்புத் தைப்பவர் ஒருவர் செருப்பை வைத்துத் தட்டும் இரும்புத் துண்டு. அதன் விளிம்பில் பாலை வைத்தால் அதுவும் 'குடித்தது'. பரப்பு இழுவிசை என்கிற பாடத்தை இதைவிட எளிதாக யார் நடத்தமுடியும்? பக்தர்களை அவர் ஒரு வார்த்தை பழிக்கவில்லை. அம்மா பேசாமல் எழுந்து அடுக்களைக்குப் போனாள். அம்மிக் குழவியை நிமிர்த்தி வைத்து ஸ்பூனை நீட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குழவியும் குடிக்கறதுடி" என்றாள். மறுநாளும் பிள்ளையாருக்கு விளக்கேற்றினாள். அவள் பக்திக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து எதைக் கேள்விப்பட்டாலும், "பத்து மணிக்கு அவர் என்ன சொல்றார் பார்ப்போம்" என்பாள்.

சரியாகியிருந்த இரண்டாவது கேசட்டைப் போடலாமா என்று நாங்கள் தயங்கினோம். 1997 ஜூன் 13, டில்லி கிரீன் பார்க்கின் உப்ஹார் தியேட்டர் தீ விபத்து. கீழ்த்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில் பிடித்த தீயின் புகை மேலேறி, பால்கனியில் இருந்தவர்கள் வெளியேற வழியில்லாமல் மூச்சுமுட்டி, 59 பேர் போனார்கள். அந்தச் செய்தியைச் சொன்ன சில நாட்களில் எஸ்.பி. சிங்குக்கு மூளையில் ரத்தக்கசிவு. ஜூன் 27 அன்று காலமானார். வயது 48. அந்தப் பதிவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கூடத்தில் கரண்ட் போனது. அந்தப் புழுக்கத்திலும் ஒருவர்கூட எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தீர்களே, அதற்குத் தனியாக நன்றி.

எமர்ஜென்சி விளக்கோடு ஓடிவந்த வாட்ச்மேன் அண்ணன், விளக்கை வைத்துவிட்டு வாசற்படியிலேயே நின்று கேட்டார். அவருக்குச் சொந்த ஊர் காஜிப்பூர். நம் பக்கத்தில் மண்டி இருக்கும் காஜிப்பூர் அல்ல, உத்தரப் பிரதேசத்து காஜிப்பூர். எஸ்.பி. சிங் பிறந்த மாவட்டம். "எங்க ஜில்லாக்காரர்" என்று பக்கத்திலிருந்தவரிடம் அவர் சொன்ன குரலை என்னால் மறக்கமுடியாது. உள்ளே நாற்காலி போட்டு அவரை உட்காரவைக்க எனக்குத் தோன்றாமல்போனது என் தவறு. மன்னியுங்கள், அண்ணா.

நாற்காலி கொடுத்த டென்ட் ஹவுஸ்காரருக்கும், மோர் கரைத்துக்கொண்டுவந்த மூன்றாம் மாடிப் பெண்களுக்கும் நன்றி.

நான்கில் இரண்டு கேசட்டுகள்தான் இதுவரை சரியாகியிருக்கின்றன. மற்ற இரண்டும் லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் அண்ணனிடம் இருக்கின்றன. யார் வீட்டுப் பரணிலாவது அந்த இரண்டு வருடத்துக் கேசட் கிடந்தால், துடைக்க முயலாமல், வெயிலில் வைக்காமல், அப்படியே என்னிடம் கொடுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
மயூர் விஹாரிலிருந்து, அந்த அம்மாவின் மகள்