வெள்ளி ஒயர் வேண்டாம், கண்ணு

காட்பாடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய இரண்டு படமும் பார்த்தேன். ஹெட்போன் நல்ல தேர்வு, வாங்கு. அதற்கு மேல் 18,500 ரூபாய்க்கு வெள்ளி ஒயர் என்கிறாயே, அது எதற்குடா?

செம்பைவிட வெள்ளி நன்றாக மின்சாரம் கடத்தும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூடுதல் நூற்றுக்கு ஆறுதான். செம்புக் கம்பியையே ஒரு மயிரிழை தடிமனாக வாங்கினால் அந்த ஆறும் கிடைத்துவிடும். ஒரு தாள் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார். 24 கேஜ் (அரை மில்லிமீட்டர் தடிமன்) செம்புக் கம்பிக்கு மின்தடை மீட்டருக்கு 0.084 ஓம். 3 மீட்டர் ஒயரில் போக மூன்று, வர மூன்று என்று ஆறு மீட்டர் கம்பி. மொத்தம் அரை ஓம். நீ பார்த்து வைத்திருக்கும் ஹெட்போன், சென்ஹைசர் எச்டி 600, அதன் தடை 300 ஓம். அரை ஓம் குறுக்கே நின்றால் சத்தம் குறைவது 0.015 டெசிபல். வெள்ளி ஒயர் போட்டால் அதில் நூற்றுக்கு ஆறு பங்கு திரும்பக் கிடைக்கும். மூக்குக்கண்ணாடிக் காம்பு ஹெட்போனின் காது மெத்தைக்கு (பேட்) அடியில் நுழைந்தாலே சத்தம் இதைவிடப் பல மடங்கு மாறும்.

ஸ்கின் எஃபெக்ட் என்று அந்த விளம்பரத்தில் ஒரு பத்தியே எழுதியிருக்கிறான். மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில் ஒதுங்குவது ரேடியோ அலைகளில் பெரிய விஷயம். காதுக்கு எட்டும் உச்சமான 20,000 ஹெர்ட்ஸில் செம்பில் அந்தத் தோலின் ஆழம் சுமார் 0.46 மில்லிமீட்டர். 24 கேஜ் கம்பியின் மேற்பரப்பிலிருந்து நடு மையத்துக்கே கால் மில்லிமீட்டர்தான் இருக்கிறது. பிறகு எங்கே ஒதுங்க? பாட்டு இந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்று ஒயர் மேல் போட்ட அம்புக்குறியும் அப்படித்தான். பாட்டு மாறுதிசை மின்னோட்டம், முன்னும் பின்னும் ஆடுவது. ஷீல்டை (இரைச்சலைத் தடுக்கும் மேலுறையை) ஒரு முனையில் மட்டும் இணைத்த ஒயருக்கு அம்புக்குறியில் அர்த்தம் உண்டு. ஹெட்போன் ஒயருக்கு இல்லை. விலை உயர்ந்த யூஎஸ்பி ஒயர் பாட்டை இனிமையாக்கும் என்பதும் கதைதான். யூஎஸ்பி ஒயர் கெட்டால் 'டிக்' என்று வெட்டும், பாட்டு நின்று போகும். தம்புராவின் இனிமை மட்டும் தனியாகக் குறையாது.

ஒயரே ஒரு பொருட்டில்லை என்று நான் சொல்லவில்லை. காதுக்குள் செருகும் இயர்போன்களில் பல டிரைவர் (ஒலி எழுப்பும் பகுதி) வைத்தவை சில, ஏதாவது ஒரு ஸ்தாயியில் நாலைந்து ஓமுக்கு இறங்கிவிடும். அங்கே ஒரு ஓம் ஒயர் நிஜமாகவே குரலை மாற்றும். இன்னொன்று, நுனி, நடு வளையம், அடி என்று மூன்று பகுதி உள்ள பிளக்கில் இடதுக்கும் வலதுக்கும் எர்த் கம்பி பொது. அது கால் ஓம் இருந்து ஹெட்போன் 32 ஓம் என்றால், இடது பக்கத்துச் சத்தம் வலது பக்கத்தில் 42 டெசிபல் கீழே கசியும். 300 ஓமில் அதே கசிவு 62 டெசிபல் கீழே போய்விடும். நீ வாங்கப்போவது 300.

கவலைப்பட வேண்டியது ஆம்பைப் பற்றி, அதாவது ஹெட்போனை ஓட்டும் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி. 300 ஓம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் கீழ்ஸ்தாயியில் எச்டி 600-இன் தடை 500 ஓமைத் தாண்டும். வெளியீட்டு எதிர்ப்பு (ஆம்புக்கு உள்ளேயே இருக்கும் தடை) அதிகமுள்ள வால்வு ஆம்பில் செருகினால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் தூக்கும். மிருதங்கத்தின் இடந்தலை ஊதிப்போய் வலந்தலையை மூடும். கேட்பவர்கள் 'கதகதப்பா இருக்கு' என்பார்கள். ஆம்பின் வெளியீட்டு எதிர்ப்பு ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். 1 வோல்ட் தரும், போனில் செருகும் டாங்கிள் 32 ஓமுக்கு 31 மில்லிவாட் கொடுக்கும், 300 ஓமுக்கு 3.3-தான். சினிமாப் பாட்டுக்கு அது போதும். சத்தம் குறைவாகப் பதிவான பழைய கச்சேரிகளுக்குத்தான் இழுக்கும். அப்போது ஒரு சின்ன ஆம்ப் வாங்கிக்கொள். அட்டையில் 'டெசிபல், 1 மில்லிவாட்டுக்கு' என்றும் '1 வோல்ட்டுக்கு' என்றும் இரண்டு விதமாகப் போடுவார்கள். 32 ஓமில் இரண்டுக்கும் 15 டெசிபல் வித்தியாசம். ஒப்பிடும் முன் அதைப் பார்.

எச்டி 600 திறந்த வகை. உன் அறைத்தோழன் தூங்கும்போது அவனுக்கும் கேட்கும். மின்விசிறிச் சத்தம் உனக்குக் கேட்கும். மூடிய வகையில் பெரும்பாலும் 'புரோட்டீன் லெதர்' பேட். ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கத்தில் இருக்கும் ஊரில் பிறந்தவனுக்கு நான் சொல்ல வேண்டுமா? அது தோலே இல்லை, துணிமேல் பூசிய பாலியூரித்தேன். வேலூர் வெயிலுக்கும் வியர்வைக்கும் செதில் செதிலாக உரிந்து காதோரம் கருப்பாக ஒட்டும். வெல்வெட் பேட் உரியாது, ஆனால் அமுங்கும். அமுங்கினால் காதுக்கும் டிரைவருக்கும் இடைவெளி குறைந்து குரலே மாறிவிடும். ஒயருக்கு வைத்திருக்கும் காசில் அசல் பேட் ஒரு ஜோடி வாங்கி வை.

விலைக்கு ஏற்ற ஒலி என்றும் நம்பாதே. ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை வைத்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்த ஸ்தாயி எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்பதற்கும் விலைக்கும் தொடர்பு எதுவும் அதில் தெரியவில்லை.

இவ்வளவு சொல்லியும் மனசு கேட்கவில்லை என்றால், திருப்பித் தரலாம் என்கிற கடையில் வாங்கிச் சோதித்துப் பார். நீ நாற்காலியில் கண்ணை மூடி உட்கார். ஒயரை நண்பன் பின்னாலிருந்து தொங்கவிடட்டும். கழுத்தில் உரசினால் எடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய். அவன் காசு சுண்டித் தலை விழுந்தால் வெள்ளி, பூ விழுந்தால் பழைய ஒயர் என்று மாட்ட வேண்டும். ஒயர் மாறாத தடவையும் கழற்றி மாட்ட வேண்டும், வாய் திறக்கக்கூடாது. தனி ஆவர்த்தனத்தில் அதே அரை நிமிடம், வால்யூமைத் தொடாமல், பதினாறு தடவை. 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் பேசலாம். குருட்டு அதிர்ஷ்டத்தில் 12-ஐயோ அதற்கு மேலோ எட்ட நூற்றுக்கு நாலு வாய்ப்புதான். எட்டு, ஒன்பது என்றால் ஒயரை அன்றைக்கே திருப்பிக் கொடு.

லீவுக்கு வரும்போது ஆம்ப் கொண்டு வந்தால் கரண்ட் இருக்கும்போது மட்டும் போடு. நம் வீட்டு இன்வெர்ட்டர் பழைய ஸ்கொயர் வேவ் (சதுர அலை) வகை. அதில் ஓடினால் 'கிர்ர்' என்று இரையும், எந்த ஒயராலும் போகாது.

அப்புறம், ஒரு பக்கம் கேட்காத உன் பழைய ஹெட்போனைத் தூக்கிப் போட்டுவிடாதே. மல்ட்டிமீட்டரை 200 ஓமில் வை. முதலில் இரண்டு முள்ளையும் ஒட்டிப் பிடித்து மீட்டர் காட்டும் 0.3-ஐயோ 0.4-ஐயோ குறித்துக்கொண்டு, பிறகு அளப்பதில் கழித்துவிடு. முள்ளைப் பிளக்கில் வைத்துக்கொண்டு ஒயரைப் பிளக் கிட்டே வளைத்துப் பார்க்கும்போது எண் குதித்தால் முறிவு அங்கேதான். இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுப் புதுப் பிளக் போடு: நுனி இடது, நடு வளையம் வலது, அடி எர்த். பச்சையோ நீலமோ இடது, சிவப்பு வலது என்பது வழக்கம், ஆனாலும் மீட்டரில் பார்த்துக்கொள். அந்த நிறமே கம்பிமேல் பூசிய வார்னிஷ். சூடான சால்டரிங் அயர்ன் நுனியில் ஈயச் சொட்டு வைத்து, கம்பியை அதற்குள் மூன்று நான்கு விநாடி பிடித்தால் புகைந்து எரிந்து, ஈயம் வெள்ளையாக ஏறும். ஏறவில்லையென்றால் பற்றவைத்தும் பயனில்லை, மறுபடி கரகரக்கும். பிளக்கின் மூடியை முதலிலேயே ஒயரில் கோத்துவிட்டாயா என்று பார்த்துவிட்டு அயர்னைத் தொடு.

அன்புடன்
அம்மா