மாப்ளைக்கு ஒரு மல்லாட்டைக் கடிதம்

மாப்ள, எப்படிடா இருக்க, தங்கச்சியும் புள்ளைங்களும் சௌக்கியமா? போன்ல பேசுனா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுது, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

இந்த ஐப்பசி நம்ம வீட்டுக்கு சரியில்லடா. ஆடில போட்ட மல்லாட்ட, அதான் வேர்க்கடல, டிஎம்வி 2 ரகம்தான், காய் நல்லா புடிச்சிருந்துச்சு, புடுங்க ஆள் சொல்லி வச்ச நேரத்துல அஞ்சு நாள் விடாம மழ. விட்டதும் போய் ஒரு செடிய புடுங்குனா மண்ணுக்குள்ளயே காய் பொளந்து வெள்ள வெள்ளயா மொள நீட்டிக்கிட்டு இருக்கு. அப்பா அந்த செடிய கையில வச்சிக்கிட்டு வரப்புல உக்காந்துட்டாரு. ரொம்ப நேரம் கழிச்சு, "கொடி மல்லாட்டயா இருந்தா மொளச்சிருக்காதுப்பா"ன்னாரு.

அவர் சொன்னது சரிதான். கொத்தா நிமிந்து வளர்ற நம்ம கொத்து வகைக்கு விதை உறக்கம் கிடையாது, ஈரம் பட்டா மொளச்சிடும், தரையில படர்ற கொடி வகையோட வெத வாரக்கணக்குல தூங்கும். ஆனா கொடி வெளைய நாள் ஜாஸ்தி, கொத்து 105 நாள்ல வந்துடுது, அதனாலயே எல்லாரும் மாறிட்டோம். டிஎம்வி 2 திண்டிவனத்துல 1940ல வந்தது, குடியாத்தம் கொத்துலேருந்து பொறுக்கி எடுத்தது. இத்தன வருஷம் அது நம்மள காப்பாத்திச்சு, அத கொற சொல்ல எனக்கு மனசு வரல.

அன்னிலேருந்து இதையே படிச்சிக்கிட்டு இருக்கேன்டா. தென் அமெரிக்காவுல, அர்ஜென்டினா வடக்கு, பொலிவியா தெற்கு அந்தப் பக்கம், பல ஆயிரம் வருஷம் முன்னாடி ரெண்டு காட்டுச் செடி ஒண்ணு சேந்துதான் மல்லாட்ட வந்திருக்கு. ஒவ்வொண்ணுலயும் குரோமோசோம் 20, சேந்தப்ப பாதிப் பாதி வந்து 20, அது ரெட்டிப்பானதும் 40. அந்த 40 ஆனதோட சொந்தக்காரங்க கதவ சாத்துன மாதிரி ஆயிடுச்சு, காட்டுச் செடியோட திரும்ப சேந்தா 30 குரோமோசோம்ல ஒரு மலட்டுச் செடிதான் வரும். போதாததுக்கு இது தன் மகரந்தத்த தானே எடுத்துக்குற செடி, காலைல பூ விரியறதுக்கு முன்னாடியே மகரந்தச் சேர்க்கை முடிஞ்சிருக்கும். அதனால கொத்து, கொடி, செவப்புப் பருப்பு, வெள்ளப் பருப்புன்னு எவ்ளோ விதமா கண்ணுக்குத் தெரிஞ்சாலும் டிஎன்ஏ எடுத்துப் பாத்தா எல்லாம் ஒரே குடும்பம், வித்தியாசம் ரொம்பக் கம்மி. ஒரு நோய் வந்தா அடிச்சிட்டுப் போயிடும்.

துரு நோய் ஞாபகம் இருக்கா, எலைக்கு அடியில தடவுனா வெரல்ல ஆரஞ்சு பொடி ஒட்டுமே, அதுக்கும், எலைல கரும்புள்ளி விழுற டிக்கா நோய்க்கும் தாங்கற சக்தி கார்டினாசின்னு இன்னொரு காட்டுச் செடிலேருந்து வந்ததாம். 1960கள்ல அமெரிக்காவுல வட கரோலினாவுல அத மல்லாட்டயோட சேத்து, வந்த மலட்டுச் செடிய விடாம, குரோமோசோம ரெட்டிப்பாக்கி 60 ஆக்கி, அதுலேருந்து பல தலமுறையா பொறுக்கி 40க்கு கொண்டாந்திருக்காங்க. அந்த வெதைய பூட்டி வைக்காம நாடு நாடா குடுத்ததால அதோட ரத்தம் இன்னிக்கு பல நாட்டு ரகங்கள்ல இருக்கு, நம்ம நாட்டுல, கர்நாடகா தார்வாட்ல வந்த ஜிபிபிடி 4 ரகத்துலயும் இருக்கு. இத படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு மாப்ள. எங்கயோ பொலிவியா காட்டுல ஒரு செடி, யாரோ பொறுமையா உக்காந்து செஞ்ச வேல, அது இங்க ஒருத்தன் காட்டுல மருந்தடிக்கிற செலவ கொறைக்குது.

ஹைதராபாத் பக்கம் படான்செருவுல இக்ரிசாட்னு ஒரு சர்வதேச பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, அதோட விதை வங்கியில மட்டும் மல்லாட்ட 15,000க்கு மேல வெதவெதமா பத்திரமா வச்சிருக்காங்க. நிம்மதியாத்தான் இருக்கு, ஆனா நம்ம ஊர் மண்ணுல, நம்ம மழைல வருஷா வருஷம் வெளஞ்சு வர்ற வெத நம்ம காட்டுலயும் இருக்கணும்டா.

அதுக்குத்தான் ஒரு வேல சொல்றேன். செஞ்சி பக்கம் உங்க சித்தப்பா பானைல சாம்பல் போட்டு கொடி மல்லாட்ட வெதைக்கு வச்சிருப்பாருல்ல, நாம திருடித் தின்னு அடி வாங்குனமே, அது இன்னும் போடுறாரான்னு கேளு. இருந்தா பொங்கலுக்கு வரப்ப தோலோட ஒரு படி எடுத்துட்டு வா, ஒடச்சிடாத. கெணத்து மேட்டுல நாலு பாத்தி ஒதுக்கி வச்சிருக்கேன்.

அன்புடன்,
உன் முருகன்